ஆறாவது விரல்

ஜனவரி 6

அன்புச் சின்னவளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் முழங்கால் வலி. அந்த வலி மாடிப்படியைக் கண்டால் வருகிறது, தொலைக்காட்சியைக் கண்டால் போய்விடுகிறது. நீயும் கொழுந்தனாரும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் இவள் கடிதம் எழுதுகிறாளே, என்ன ஆயிற்று என்று பயந்துவிடாதே. போனில் உன்னோடு பேச முடிவதில்லை. நான் "ஹலோ" என்றதும் அத்தை ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். பிறகு நான் பேசுவது உங்கள் தெருவுக்கே கேட்கிறது. என் கைப்பேசியோ காலையில் அலுவலக வாசலில் இரும்புப் பெட்டிக்குள் போனால் மாலையில்தான் வெளியே வரும். எங்கள் பிரிவில் இருப்பவர்கள் இணையத்தில் சொந்தப் பேச்சுப் பேசக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். ஊர் உலகத்தின் பக்கங்களை எல்லாம் முடக்குகிற எங்களுக்கு மிஞ்சியது தபால்தலைதான்.

என் வேலை என்ன என்று அத்தைக்கு இன்னும் புரியவில்லை. "கம்ப்யூட்டர் ஆபீஸ்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறார். உனக்காவது சொல்கிறேன். இன்ன இணையப் பக்கம் கெட்டது என்று புகார் வரும். சட்டத்துக்கு விரோதமா என்று பார்த்து, ஆமென்றால் முடக்கச் சொல்லி நான் உத்தரவு எழுதுவேன். கையெழுத்துப் போட மேலே ஒருவர் இருக்கிறார். அவர் நான் எழுதியதைப் படிப்பதில்லை, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் தேடுவார்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். உன் 'காதோடு' இணையப் பக்கத்தை இங்கே என் வீட்டுக்காரர் காலைத் தேநீரோடு உரக்கப் படிக்கிறார். "எவ்வளவு அழகா எழுதுறா பாரு" என்று எனக்கே சொல்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் எழுதிய மளிகைச் சீட்டைக்கூட அவர் முழுதாகப் படித்ததில்லை. பாப்பா போன வாரம் போனில், "தலைவலிக்கு இஷ்டத்துக்கு மாத்திரை போடாதம்மா, சித்தி எழுதியிருக்காங்க" என்றாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் சொல்லிவருவது அதுதான். நான் சொன்னால் தொணதொணப்பு, நீ எழுதினால் அறிவு.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், வயிறு எரிகிறது. உன் மருந்துக்கடையில் அதற்கும் ஏதாவது இருக்குமே, அனுப்பி வை.

பாப்பா விடுதியிலிருந்து ஞாயிறு தவறாமல் உன் வீட்டுக்கு வருகிறாளா? பத்தொன்பது வயதாகியும் தனியாகச் சாப்பிடத் தெரியாது அவளுக்கு. பார்த்துக்கொள்.

உன் அன்பு அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். மூத்தவரின் முழங்காலுக்குத் தொலைக்காட்சியை மாடியில் வைத்துப் பாருங்கள். அத்தை கடிதத்தை வாங்கி உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஸ்பீக்கர் பட்டன் எங்கே என்று தேடியிருப்பார் போலிருக்கிறது.

வயிற்றெரிச்சலுக்கு மருந்து அனுப்பலாம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொன்னால் போதும், யாரைப் பார்க்கும்போது எரிகிறது என்று கேட்க மாட்டேன்.

அக்கா, நான் அறிவாளி என்று நினைத்து அந்தப் பக்கத்தை ஆரம்பிக்கவில்லை. கடைக்கு வரும் பெண்கள் ஆண்கள் எல்லாரும் போகும்வரை தள்ளி நிற்பார்கள். பிறகு கல்லாவின் மேல் குனிந்து காதோடு சொல்வார்கள். சிலர் அதுகூட முடியாமல் ஒரு சோப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிச் சோப்பு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெயர் போடாமல் கேட்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை டாக்டரிடம் கேட்டுச் சொல்வேன்.

போன வாரம்தான் ஒரு பொடிக்காரரைப் பற்றி எழுதினேன். எல்லா வியாதிக்கும் ஒரே பொடி விற்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் "மூலிகை" என்கிறார். என்ன மூலிகை என்று கேட்டால் கோபம் வருகிறது. நேற்று ஒரு பெண் கேட்டிருந்தாள். மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறதாம், வலி இல்லையாம், யாரிடமும் சொல்லப் பயமாம். எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று படம் வரைந்து பாதிப் பதிலைப் போட்டிருக்கிறேன். எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்பதை எழுதி வைத்துவிட்டேன். டாக்டரம்மா ஒருமுறை பார்த்துத் தந்ததும் போட வேண்டும்.

பாப்பா ஞாயிறன்று வந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பரீட்சை என்றாள்.

உங்கள் அன்புச் சின்னவள்


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முந்தைய கடிதத்துக்கு உங்கள் பதில் வரவில்லை. தபாலில் தாமதமாக இருக்கும்.

என் பக்கம் போய்விட்டது அக்கா. உங்களுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வரி: 'சட்டப்படி இந்தப் பக்கம் முடக்கப்பட்டுள்ளது.' எந்தச் சட்டம், யார் சொல்லி, எதற்காக, ஒன்றும் இல்லை. முதலில் நான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து, இவரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டோம். பிறகுதான் புரிந்தது, எல்லார் வீட்டிலும் அப்படித்தான் தெரிகிறதென்று.

அந்தக் கட்டிக்காரப் பெண்ணுக்கு மீதிப் பதிலைச் சொல்ல முடியவில்லை. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பாதிப் படிக்கட்டில் ஒருத்தியை நிற்க வைத்து விளக்கை அணைத்த மாதிரி இருக்கிறது.

உங்கள் அலுவலகம்தானே இதையெல்லாம் செய்கிறது? என்ன குற்றம் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.

பாப்பா மூன்று ஞாயிறாக வரவில்லை. விடுதிக்குப் போனால் படிக்கிறேன் என்கிறாள். என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறாள். நான் ஏதாவது சொல்லிவிட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சின்னவள்


மார்ச் 1

சின்னவளுக்கு,

சுகம்தான். வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை.

உன் பக்கம் விஷயமாக நான் விசாரிக்க முடியாது. எந்த உத்தரவையும் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ரத்த சொந்தமென்றாலும் கிடையாது, நீயோ ஓரகத்தி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முடக்குவது என்றாலே அநியாயம் என்று பேசுகிறவர்கள் ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களை ஊசியை நிறுத்தச் சொன்ன ஒரு பக்கத்தை மூடினேன். அதை நம்பி நிறுத்திய ஒருவருடைய மனைவிதான் புகார் கொடுத்திருந்தாள், கணவர் போன பிறகு. குழந்தைகளின் படங்களை வைத்து வியாபாரம் செய்கிறவர்களை மூடுகிறேன், மதியம் சாப்பாடு இறங்காது. பிள்ளை பிடிக்கிறவன் என்று எவனோ ஒரு வழிப்போக்கனின் படத்தைப் போட்டு, கூட்டம் அவனை அடித்தே கொன்றது. அந்தப் பக்கத்தை அரைமணி நேரம் முன்னால் மூடியிருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான். அப்போது உரிமையாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் தரப்பு என்ன என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

உன்னுடையதிலும் ஏதோ இருந்திருக்கும். நெருப்பில்லாமல் புகையாது. கொஞ்ச நாள் பொறுமையாக இரு. எழுதாவிட்டால் என்ன, கடை இருக்கிறது, கொழுந்தனார் இருக்கிறார், உன்னைத் தலையில் வைத்து ஆட அத்தை இருக்கிறார்.

இங்கே இப்போது காலைத் தேநீர் அமைதியாக நடக்கிறது. என் வீட்டுக்காரர் படிக்க ஒன்றும் இல்லாமல் என்னோடு பேசுகிறார்.

பாப்பா வராததற்கு நீ வருத்தப்பட வேண்டாம். அவள் இப்போது தினமும் சாயங்காலம் எனக்குத்தான் போன் செய்கிறாள். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை, "என்னம்மா பண்றே" என்பாள். ஆனால் வைக்கவும் மாட்டாள். நான் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எவ்வளவு தூரம் போனாலும் பெற்றவளிடம்தான் வரும் பிள்ளை. உனக்கு இது புரிய நாளாகும்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அத்தைக்கு இருமல், சரியாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசிப் பத்தியை மட்டும் ஒரு முறை.

நீங்கள் எழுதிய மூன்றையும் நானும் மூடத்தான் சொல்வேன். அந்த வழிப்போக்கனை நினைத்து நேற்றுக் கடையில் ஒரு சீட்டுக்கு மருந்து மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். ஆனால் அதற்காக எல்லாருக்கும் ஒரே பூட்டா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா?

கடைக்கு வரும் வக்கீலம்மா ஒருவரிடம் கேட்டேன். முடக்குவதற்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் பக்கத்துக்காரருக்கு முதலில் நோட்டீஸ் அனுப்பிக் கேட்க வேண்டும் என்றார். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் கேட்காமல் மூடலாமாம். மூடிய பிறகாவது முழுவதையும் ஒரு குழு படித்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கு நோட்டீஸ் வரவில்லை. அப்படியானால் என்னை அவசரத்தில் போட்டிருக்கிறார்கள். என் பக்கத்தைப் படித்து எந்த ஊர் பற்றி எரிந்தது அக்கா? மார்பு என்ற சொல்தான் அவர்களுக்கு அசிங்கமாகப் பட்டிருக்கும் என்கிறார் இவர். கட்டி அங்கேதானே வருகிறது, கைக்குட்டையிலா வரும்? அவசரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

எனக்கென்னவோ அந்தப் பொடிக்காரர் மேல்தான் சந்தேகம். அவர் வியாபாரம் படுத்துவிட்டதாக இவர் சொல்கிறார். ஒரு பொடிக்காரர் கோபப்பட்டு ஒரு சீட்டு எழுதிப் போட்டால், ஒரு சர்க்கார் எழுந்து நின்று என் வாயைப் பொத்துமா? மூடுவது சரியா தப்பா என்பதைவிட, மூடுகிறவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதுதான் என் சண்டை.

வக்கீலம்மா இன்னொரு விஷயமும் சொன்னார். சொந்தக்காரர் விஷயம் மேசைக்கு வந்தால் அந்த அதிகாரி விலகிக்கொள்ள வேண்டும் என்று விதியாம். அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி. என் கோப்பு உங்கள் கைக்கு வந்திருக்காது. வந்திருந்தால் நீங்கள் எவ்வளவு தர்மசங்கடப்பட்டிருப்பீர்கள்!

மறுபரிசீலனைக்கு மனுப் போட்டிருக்கிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

சுகமே. வக்கீலம்மா சொன்னாராம், வக்கீலம்மா சொன்னாராம். கடையில் மருந்து விற்கிறாயா, சட்டம் விற்கிறாயா?

நீ எழுதுவதைப் படித்தால் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் கத்தரிக்கோலும் கையுமாகத் திரிகிறோம் என்று தோன்றும். ஒரு நாளைக்கு வருகிற புகாரை நீ கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்க ஆயுசு போதாது. புகார்க்காரர் என்ன ஒட்டி அனுப்பியிருக்கிறாரோ அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அப்படிப் பார்க்கும்போது கண்ணில் படுவது உன் நல்ல எண்ணமா? அந்தப் படம்தான் படும். பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வந்தவள் படத்தையாவது ஒழுங்காக வரைந்திருக்க வேண்டாமா? மார்பின் மேல் ஆறு விரலோடு ஒரு கை! வைத்தியமா, வேறு ஏதாவதா என்று எவருக்குத்தான் சந்தேகம் வராது? சிரிப்பதா முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று தெரியாது.

உனக்கு எப்போதுமே இந்த அவசரம் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் என் சமையலறையில் டப்பாக்களை எல்லாம் மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினாய். அத்தை அன்று சொன்னார், "இத்தனை நாள் இருட்டுல துழாவிட்டிருந்தோம்" என்று. துழாவிக்கொண்டிருந்தது நான்தான். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ வருவதற்கு முன் அந்த வீட்டில் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். இப்போது உப்பு எங்கே என்பதற்கும் உன்னைத்தான் கேட்கிறார்கள்.

மனுப் போட்டது உன் இஷ்டம்.

பாப்பா இப்போது போனும் செய்வதில்லை. பரீட்சை நேரம்.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம்.

அந்த ஆறு விரல் படம் என் பக்கத்தில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. போட்டதும் இவர் எட்டிப் பார்த்து, "ஏன்டி, இந்தப் பொண்ணுக்கு வியாதி விரல்லதானே?" என்று சிரித்தார். வெட்கமாகப் போய்விட்டது. உடனே எடுத்துவிட்டு ஐந்து விரலோடு வேறு படம் வரைந்து போட்டேன். மூத்தவர் காலையில் படித்ததும் அந்த ஐந்து விரல் படத்தைத்தான். நான் கேட்டுவிட்டேன்.

ஆறாவது விரலைப் பார்த்தது நான், இவர், அந்த நேரத்தில் திறந்து படம்பிடித்து அனுப்பிய யாரோ ஒருவர். அப்படியானால் அது இருக்கக்கூடிய இடம் ஒரு கோப்புதான்.

நீங்கள் அதை எங்கே பார்த்தீர்கள் அக்கா?

டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டியது எனக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாததால். உங்களுக்குப் பார்க்காமலே கை போகும். எனக்கு அப்போது அது எவ்வளவு பொறாமை தெரியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேண்டாம். அந்த விரலைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். இது வேறு விஷயம். கூரியரில் அனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மூத்தவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கடையைச் சாத்தும் நேரத்துக்குப் பாப்பா வந்தாள். ஆட்கள் எல்லாரும் போகும்வரை தள்ளி நின்றாள். பிறகு ஒரு சோப்பை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது அக்கா. கதவைச் சாத்திவிட்டு அவளை உள்ளே உட்கார வைத்தேன்.

ஜனவரியில் பெயர் போடாமல் கேட்ட பெண் அவள்தான்.

பாதிப் பதிலைப் படித்திருக்கிறாள். தொட்டுப் பார்த்திருக்கிறாள், கட்டி இருந்திருக்கிறது. மீதி எப்போது வரும் என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் வெள்ளைத் திரை. தான் கேட்ட கேள்வி அசிங்கமானது, அதனால்தான் சர்க்காரே சித்தியின் பக்கத்தை மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதனால்தான் என் முகத்தில் விழிக்காமல் இருந்தாள். "என்னாலதானே சித்தி உங்க பக்கம் போச்சு" என்று அழுதாள். நாலு மாதமாக அந்தக் கட்டியோடு தனியாகத் தூங்கியிருக்கிறாள். உங்களுக்குப் போன் செய்து செய்து ஒன்றும் பேசாமல் பாத்திரச் சத்தம் கேட்டாளே, ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

இன்று காலை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். இந்த வயதில் பெரும்பாலும் சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும் என்றார். ஆனாலும் ஊசி போட்டுக் கட்டியிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். போனில் உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அம்மா அலறுவாங்க, அதை என்னால தாங்க முடியாது. எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஊசி என்றதும் அவள் என் கையை உதறிவிட்டு "அம்மா வேணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் சொன்னாளே தவிர, தேடியது உங்களை.

அந்த மீதிப் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் முதல் பத்தியை மட்டும் இங்கே எழுதுகிறேன். யாருக்கென்று தெரியாமல் எழுதியது:

'இதை முதலில் உன் அம்மாவிடம் சொல். அலறுவாள், அலறட்டும். அலறி முடித்த பிறகு அவளைப் போல உன் கையைப் பிடித்துக்கொள்ள வேறு யாரும் கிடையாது. எனக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தபோது பெற்ற தாய் இல்லை, என் ஓரகத்திதான் இருந்தார். டாக்டரைத் திட்டினார், நர்ஸைத் திட்டினார், என்னையும் திட்டினார். விடியும்வரை என் கையை மட்டும் விடவில்லை.'

புறப்பட்டு வாருங்கள்.

சின்னவள்


ஜூன் 6

அன்புச் சின்னவளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பாப்பாவுக்கு ஊசி போட்ட இடத்தில் வலி சுத்தமாகப் போய்விட்டது. விடுமுறை முடியும்வரை இங்கேதான் இருப்பாள். சாதாரணக் கட்டி, பயமில்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை என் வீட்டுக்காரர் இப்போது தினமும் தேநீரோடு உரக்கப் படிக்கிறார். நீ எழுதியதைவிட நன்றாக இருக்கிறதாம்.

உன் வீட்டில் இருந்த நாட்களில் நீ எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வந்த மறுநாள் மறுபரிசீலனைக் குழுத் தலைவரின் அறைக்குப் போனேன். "இந்தப் பக்கத்துக்காரி என் ஓரகத்தி. தெரிந்தேதான் கோப்பை எடுத்தேன். நோட்டீஸ் அனுப்பவில்லை. அவசரம் என்று எழுதினேன், ஒரு அவசரமும் இல்லை. ஒட்டி அனுப்பிய படத்தை மட்டும்தான் பார்த்தேன், பக்கத்தைப் படிக்கவில்லை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றார். வயிற்றெரிச்சல் என்றேன். அதை எந்த விதியின் கீழ் எழுதுவது என்று அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

உன் மனுவை அன்றே எடுத்துப் பார்த்தார்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் உன் பக்கம் திறந்திருக்கும். புகார் கொடுத்தவர் யார் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. நீ நினைத்தவர்தான். என் மேல் விசாரணை நடக்கிறது. அதுவரை கீழ்த்தளத்தில், நோட்டீஸ் அனுப்பும் மேசையில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க உறை ஒட்டுகிறேன். 'தங்கள் தரப்பைத் தெரிவிக்கவும்' என்ற வரி ஒவ்வொரு நோட்டீசிலும் இருக்கிறது. இத்தனை வருடம் அதை நான் சடங்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதே. அந்த வழிப்போக்கனுக்காக இன்றைக்கும் மூடுவேன், கேட்காமல்தான் மூடுவேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் இறங்கி வருவேன், அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகிறது? ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாப்பா என் மடியில் தலையும் உன் மடியில் காலுமாகத் தூங்கினாள் அல்லவா? கால் பக்கம்தான் உனக்கு என்று எனக்குள்ளே ஒருத்தி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நேரம் நீ அவள் பாதத்தைத் துணியால் மூடினாய். எனக்கு அது தோன்றவில்லையே என்று மறுபடி எரிந்தது.

நேற்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, ஒரு துணியை எடுத்துத் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள். "அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். நான் குழாயை மூடினேன். அலறவில்லை. அவள் கேட்டாள், நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

என்ன கேட்டாள் என்று உனக்கு ஆவலாக இருக்கும். கடையில் நிலைகொள்ளாது. அத்தை ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டாலும் சரி, உன் வக்கீலம்மா மனுப் போட்டாலும் சரி, சொல்ல மாட்டேன். அது என்னிடம் கேட்டது.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா